அன்னாளின் மௌனமும் கோதையின் கோயிலும்

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு மூதாட்டி வருகிறாள். பெயர் அன்னாள், ஆசேர் கோத்திரத்துப் பானுவேலின் மகள். ஏழே ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் கைம்பெண்ணாகி, எருசலேம் ஆலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் நோன்பிலும் ஜெபத்திலும் காலம் கழித்தவள். லூக்கா அவளைத் தீர்க்கதரிசி என்றே குறிப்பிடுகிறார். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்த அன்று அவளும் இருந்தாள், சிமியோன் என்ற பெரியவரும் இருந்தார். குழந்தையைக் கையில் ஏந்திச் சிமியோன் சொன்ன சொற்களை லூக்கா முழுதாகப் பதிவு செய்திருக்கிறார். அவை பாடலாகி, திருச்சபையின் இரவு வழிபாட்டில் இன்றுவரை ஓதப்படுகின்றன. மீட்பை எதிர்பார்த்திருந்த எல்லோரிடமும் அன்னாளும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினாள் என்று அதே லூக்கா எழுதுகிறார். என்ன பேசினாள் என்பதை எழுதவில்லை. மூன்று வசனங்களோடு அவள் கதை முடிந்துவிடுகிறது.

ஆனாலும் அன்னாள் புனிதை ஆனாள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்திரிகை, திருக்காட்சி விழாவுக்கு நாற்பதாம் நாள் அங்கே பெருவிழா நடந்ததையும், ஆயரும் குருக்களும் அன்று சிமியோனையும் அன்னாளையும் பற்றிய பகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்ததையும் எழுதிவைத்திருக்கிறாள். ஏறக்குறைய அதே காலத்தில், 380-ஐ ஒட்டி, சிரியாவில் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலர் ஒழுங்குகள்' என்ற நூலில் பெண் திருத்தொண்டரை அமர்த்தும்போது சொல்லவேண்டிய ஜெபம் ஒன்று உண்டு. மிரியாம், தெபொராள், அன்னாள், உல்தாள் ஆகிய நால்வரையும் ஆவியால் நிரப்பிய கடவுளே என்று அது அழைக்கிறது. கீழைத் திருச்சபைகளின் நாட்காட்டியில் பிப்ரவரி 3 சிமியோனுக்கும் அன்னாளுக்கும் உரிய நாள். அதில் கவனிக்க வேண்டியது, அந்த நாள் இருவருக்கும் சேர்த்துத்தான் வருகிறது என்பது. சொல் பிழைத்த ஆணின் பக்கத்தில், சொல் பிழைக்காத பெண்.

இந்த இணையை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. இங்கேயும் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள்: விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார், அவர் மகள் கோதை என்ற ஆண்டாள். இருவர் சொல்லும் பிழைத்தன. தென்கலை வைணவ வழக்கில் பிரபந்த கோஷ்டி தந்தையின் திருப்பல்லாண்டில் தொடங்குகிறது; சாற்றுமுறையில் மகளின் திருப்பாவையிலிருந்து கடைசி இரண்டு பாசுரங்களை ஓதித்தான் நிறைகிறது. அவற்றில் முப்பதாவது பாசுரம், இதைச் சொன்னவள் புதுவைப் பட்டர்பிரானின் கோதை என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் பாசுரம். ஆக, தமிழ்நாட்டு வைணவக் கோயில்களில் ஒரு பெண் தன் பெயரிட்டு எழுதிய கவிதை நூற்றாண்டுகளாக நாள் தவறாமல் வாய்விட்டு ஓதப்பட்டு வருகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆண்டாளின் தெய்வநிலைக்குக் காரணம் துளசிச் செடியடியில் கிடைத்த பிறப்புக் கதையோ, அரங்கனோடு கலந்த முடிவுக் கதையோ அல்ல. ஓதுதல்தான் முதலில் வந்தது. கதை அதன்மேல் படர்ந்தது. தனிக்கோயிலும் தேரும் அதற்கும் பிறகு. அன்னாளின் புனிதநிலை இன்னொருவரின் விழாவில் இடம்பெற்றதால் கிடைத்தது. கோதையின் புனிதநிலை அவள் சொல்லே வழிபாடானதால் கிடைத்தது.

சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்ப்போம். முதல் அடுக்கு அவளுடைய பாடல்களே: திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, மொத்தம் 173. இவற்றின் காலத்தைத் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு கணித்து 731 என்றார் மு. இராகவையங்கார். அதே குறிப்பை வைத்து 9-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. நமக்கு இங்கே காலத்தை விட உள்ளடக்கம் முக்கியம். இந்த 173 பாடல்களில் கோதை தன்னைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. ஊர் வில்லிபுத்தூர், தந்தை பெயர் விட்டுசித்தன், தன் பெயர் கோதை, தன் உடல் மானிடர் எவருக்கும் உரியதல்ல என்ற உறுதி. இவ்வளவுதான். துளசி வனத்தில் கிடைத்த குழந்தை இந்தப் பாடல்களில் இல்லை. பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்த பெண்ணும் இல்லை. அரங்கத்துக்குப் பல்லக்கில் போனதும் இல்லை. அரங்கனை நினைத்து வளை கழன்ற பெண்தான் இருக்கிறாள். பெரியாழ்வார் திருமொழியில், ஒரே மகளைத் திருமகள்போல வளர்த்தேன், செங்கண்மால் கொண்டுபோய்விட்டான் என்று புலம்பும் ஒரு பாசுரம் உண்டு. வைணவ மரபு அதை ஆண்டாளின் முடிவுக்குச் சான்றாகக் கொள்கிறது. ஆனால் அந்தப் பதிகம் முழுவதும் மகளைப் பிரிந்த தாயின் குரலில் அமைந்தது. அகத்துறையில் நற்றாய் புலம்பும் மரபின் வழி வந்தது. அதைத் தந்தையின் வாக்குமூலமாகப் படிப்பதற்கு முன் நன்கு யோசிக்க வேண்டும்.

இரண்டாம் அடுக்கு, பிரபந்தத்துக்கு முன் ஓதும் துதிகளான தனியன்கள். திருப்பாவைக்கு உய்யக்கொண்டார் செய்ததாக மரபு சொல்லும் தமிழ்த் தனியன்களில்தான் அவள் பாமாலை பாடிக் கொடுத்ததும் பூமாலை சூடிக் கொடுத்ததும் ஒன்றாக வருகின்றன. காலம் ஓரளவு உறுதியாகத் தெரிந்த சான்று திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி. இராமானுசரைப் பாடிய இந்த 12-ஆம் நூற்றாண்டு நூல் தன் பதினாறாம் பாசுரத்தில், சூடிக் கொடுத்தவளின் அருளால் வாழ்கிறவர் இராமானுசர் என்கிறது. ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அமுதனார் சொல்லும் மாலை அரங்கனின் முடியைச் சூழும் மாலை. வில்லிபுத்தூர்ப் பெருமாளான வடபத்திரசாயிக்கு உரியது என்று அங்கே இல்லை. இன்று நந்தவனத்திலும் கண்ணாடிக் கிணற்றடியிலும் சொல்லப்படும் ஊர்க்கதையின் விவரங்கள் அப்போது இன்னும் இறுகவில்லை என்று இதைக் கொண்டு கருதுகிறேன். மாலை இருந்தது, எந்தப் பெருமாளின் மாலை என்பது பாடுகிறவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரை கதையை முழுமையாக்கியது. பூமிப்பிராட்டியின் அம்சம் என்பதும் நிலைபெற்றது. 14-ஆம் நூற்றாண்டில் வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களில் கோதா ஸ்துதி செய்தபோது, வேண்டினால் வரம் தரும் தேவியாகவே அவளை நோக்கிக் கைகூப்பினார்.

கதை இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த காலம் முழுவதும் ஓதுதல் நிற்கவே இல்லை. இராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். திருப்பாவையை முணுமுணுத்துக்கொண்டு பிட்சைக்குப் போனவர், நப்பின்னையைக் கதவு திறக்கச் சொல்லும் பதினெட்டாம் பாசுரத்தில் இருந்தபோது பெரிய நம்பியின் வீட்டுக் கதவை அவர் மகள் அத்துழாய் திறந்தாள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று இராமானுசர் மூர்ச்சித்து விழுந்தார் என்று வியாக்கியான மரபு சொல்கிறது. நிகழ்ச்சி நடந்ததா என்பது வேறு கேள்வி. இந்தக் கதையைச் சொல்லி மகிழ்ந்தவர்களுக்கு ஆண்டாளின் அற்புதப் பிறப்பு அல்ல, அவளுடைய ஒரு பாசுரம்தான் ஓர் ஆசாரியரைக் கீழே விழச்செய்யும் வல்லமை உடையதாக இருந்தது. பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவைக்கு மூவாயிரப்படியும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் செய்தார்கள். முப்பது பாட்டுக்கு இத்தனை உரை எழுதியவர்கள் அவளைச் சாட்சியாக மட்டும் கருதவில்லை. சாத்திரம் சொல்கிறவளாகவே மதித்தார்கள்.

தொடக்ககாலக் கிறித்தவத்தில் நிலைமை வேறு. ஆசியா மைனரின் எராப்போலியில் சுவிசேஷகரான பிலிப்புவின் தீர்க்கதரிசனம் சொல்லும் மகள்களின் கல்லறைகள் இருந்தன என்று 2-ஆம் நூற்றாண்டு எழுத்துகளை மேற்கோள் காட்டி யூசேபியஸ் எழுதுகிறார். நான்கு பெண்கள் தீர்க்கதரிசனம் சொல்லிவந்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூலும் சொல்கிறது. அவர்களின் கல்லறை இடம் தெரிந்தது, ஊர்ப்பெயர் தெரிந்தது. வாக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அதே பிரதேசத்தில் அதே நூற்றாண்டில் எழுந்த மொந்தானியப் பிரிவில் பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். திருச்சபை அவர்களைத் தள்ளியது. அவர்கள் சொன்னவற்றில் சில துணுக்குகள் பெரும்பாலும் எதிரிகளின் மறுப்பு நூல்களில் தப்பின. பெண் வாக்கின்மேல் அதன் பிறகு ஏற்பட்ட எச்சரிக்கையை நினைத்தால், அன்னாள் சொன்னது பதிவாகாததும் ஒரு வகையில் அவளுக்குப் பாதுகாப்பாகப் போயிற்று என்று தோன்றுகிறது. மறுக்க எதுவும் இல்லாதவளை யாரும் தள்ள முடியாதல்லவா! ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. பேசியவள் என்று போற்றப்படும் பெண், பேச்சில்லாமலே போற்றப்படுகிறாள்.

எராப்போலியின் கல்லறைகளையும் வில்லிபுத்தூரையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் புலப்படும். மேற்கே புனிதர் வழிபாடு உடல் கிடக்கும் இடத்தைச் சுற்றி வளர்ந்தது; எலும்பும் அது தொட்ட துணியும் ஊர் ஊராகப் போயின. ஆண்டாளுக்குக் கல்லறை கிடையாது. மரபின்படி அவள் அரங்கனோடு கலந்தவள். அதனால் வழிபாடு அவள் கிடைத்ததாகச் சொல்லும் நந்தவனத்தைப் பற்றிக்கொண்டது. பதினொரு நிலைக் கோபுரத்தோடு வடபத்திரசாயி கோயில் ஒருபுறம், நாச்சியார் கோயில் இன்னொருபுறம், இடையில் நந்தவனம். ஊர் ஊராகப் போவது எலும்பு அல்ல, மாலை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் முன் தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை ஏற்றுக்கொள்கிறார். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலையில் கருட சேவைக்கு வேங்கடவன் அணிவதும் வில்லிபுத்தூரிலிருந்து போன மாலைதான். வாடிப்போகும் பொருள், ஆண்டுதோறும் புதிதாகக் கட்டியாக வேண்டும். எலும்பைப் பேழையில் வைத்துப் பூட்டிவிடலாம். மாலைக்குத் தோட்டமும் நாரும் கைகளும் நாள்தோறும் வேண்டும். ஓதுதலும் அப்படிப்பட்டதுதான்: ஒரு தலைமுறை நிறுத்தினால் அறுந்துபோகும்.

நாச்சியார் திருக்கையில் இருக்கும் கிளியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மரத்தாலோ வெள்ளியாலோ செய்து ஒருமுறை வைத்துவிட்ட கிளி அல்ல அது. அன்றன்று இலையும் பூவும் கொண்டு கட்டுகிறார்கள். மாதுளம்பூ மூக்காகிறது, மரவள்ளி இலை உடலாகிறது, கண்ணுக்குக் காக்காப்பொன். மாலையில் சாத்திய கிளி மறுநாள் பிரசாதமாகிறது. அடுத்த கிளிக்கு இலை பறிக்கப் போகிறார்கள். ஆராய்ச்சியாளருக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. திருவாங்கூரில் அது பரவியது 19-ஆம் நூற்றாண்டில். ஆகவே இந்தக் கிளி இன்றைய உருவில் ஆண்டாள் காலத்தது என்று யாரும் சொல்ல முடியாது. நாச்சியார் திருமொழியில் கோதை கூட்டிலே வளர்த்துக் கோவிந்தன் பெயரைக் கூவப் பழக்கிய கிளி இருக்கிறது. அந்தப் பாட்டு பழையது. பாட்டில் இருந்த கிளிக்குப் பின்னொரு காலம் கையில் கிடைத்த இலையைக் கொண்டு உடல் கொடுத்திருக்கிறது. சொல் முந்தியது, சடங்கு பிந்தியது என்ற என் வாதத்துக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

சடங்குகளில் அவள் ஏறியிருக்கும் உயரமும் சாதாரணமானதல்ல. சைவத்தில் காரைக்கால் அம்மையாரும் பெரும் கவி. காரைக்கால் பேய் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு பதிகம் பாடியவர். சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் அவர் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார்; ஆனால் அந்த வரிசைக்குள்தான் இருப்பார். ஆண்டாள் பன்னிரு ஆழ்வார் வரிசையை விட்டு வெளியே வந்து, பெரும்பாலான பெருமாள் கோயில்களில் தாயாருக்கு எதிர்ப்புறம் தனிச் சந்நிதி கொண்டாள். வில்லிபுத்தூரில் ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் நடக்கும் சயன சேவையில் அவள் மணவாளனான ரெங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொள்கிறார். பாற்கடலில் தேவி திருவடி வருடும் காட்சியைத்தான் எல்லாக் கோயில் சுவர்களிலும் பார்க்கிறோம். இங்கே அது மாறிக் கிடக்கிறது. பாடலில் அவனை ஆட்டிப்படைத்த குரலுக்கு ஊர் கொடுத்த வடிவம் என்று அதைக் கொள்ளலாம்.

இனி மறுப்புகள். முதலாவது, கோதை என்று ஒருத்தி இருந்தாளா என்பது. பெரியாழ்வாரே பெண் குரலில் பாடியவைதான் இவை என்று ராஜாஜி 1940-களில் 'திரிவேணி' இதழில் எழுதினார். வைணவத்தில் ஊறிய ஒருவர் சொன்னது என்பதால் எளிதில் ஒதுக்க முடியாது. ஆழ்வார்கள் பெண்ணாகிப் பாடுவது உண்டுதான். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிகங்களின் கடைசிப் பாட்டைப் பாருங்கள். பத்துப் பாட்டிலும் பெண்ணாக அழுதவர் பலன் சொல்லும் இடத்தில் சடகோபன் என்றோ கலியன் என்றோ ஆண் பெயரில் முத்திரை வைக்கிறார். வேடம் போட்டவர் முத்திரையில் வேடத்தைக் கலைத்துவிடுவதுதான் வழக்கம். பெரியாழ்வாரும் யசோதையாகப் பாடி விட்டுசித்தன் என்று முடிப்பவர். அவருக்கு மகள் குரலில் பாடவேண்டியிருந்தால் தன் பெயரிலேயே முடித்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நாச்சியார் திருமொழியிலும் திருப்பாவையிலும் முத்திரை விட்டுசித்தன் என்பதல்ல, விட்டுசித்தனின் கோதை என்பது. முத்திரை மரபை வைத்துப் பார்த்தால் கோதை இருந்தாள் என்பதே வலுவான முடிவு.

இரண்டாவது மறுப்பு ராஜபாளையத்தில் வெளிப்பட்டது. 2018 ஜனவரியில் அங்கே நடந்த விழாவில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளின் தமிழைப் போற்றி ஆற்றிய உரையில், 1978-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் தொகுப்பின் கட்டுரையிலிருந்து, ஆண்டாள் திருவரங்கக் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்ற பொருள்படும் வரியை எடுத்துக்காட்டினார். பதினொன்று பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அது பெரும் மனவேதனையாக எழுந்தது. உண்ணாவிரதம், வழக்கு, வருத்தம் தெரிவித்தல் என்று மாதக்கணக்கில் நீண்டது. அந்தச் சொற்போரில் சான்றைப் பற்றிய கேள்வி அடிபட்டுப்போனது. அந்த வரிக்குச் சமகாலச் சான்று எதுவும் கிடையாது. கோதையின் பாடல்கள் அவளை வில்லிபுத்தூரில் வைக்கின்றன. திருவரங்கத்தில் வைப்பது குருபரம்பரைக் கதையின் கடைசி அத்தியாயம்தான். அரங்கனுக்கு மணமாகிக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தாள் என்ற கதையிலிருந்து அற்புதத்தை உருவிவிட்டால், கோயிலுக்கு மணமான பெண் அங்கேயே வாழ்ந்து மறைந்தாள் என்று மிஞ்சும். அற்புதத்தை நீக்கியதாலேயே ஒரு கதை வரலாறாகிவிடாது. பக்தர்கள் நம்பும் கதைக்கும் அந்தக் கட்டுரையின் வரிக்கும் மூலம் ஒன்றே என்பதை இரு தரப்பும் கவனித்திருந்தால் வாதம் வேறு விதமாகப் போயிருக்கும். ஆண்டாளைப் பற்றிய வரலாற்று விசாரணை அவள் பிறப்பையும் முடிவையும் துருவுவதில் தொடங்கக்கூடாது. அவள் பாட்டை யார், எங்கே, எப்போது, எதற்காக ஓதினார்கள் என்பதில் தொடங்கினால் கையில் சான்று இருக்கும். ஒருவர் மனமும் புண்படத் தேவையிராது.

மூன்றாவது மறுப்பை நான் இன்னும் மதிக்கிறேன். தமிழுக்கு வெளியே ஆண்டாளைக் கொண்டுபோனது கதைதானே, பாட்டு அல்லவே என்பது அது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா'வைத் தெலுங்கில் எழுதினார். பெயரே சூடிக் கொடுத்த மாலையைச் சொல்கிறது. விஷ்ணுசித்தர், யாமுனர் என்று பல கதைகளைச் சொல்லிவிட்டுப் பிற்பகுதியில்தான் கோதையிடம் வருகிறது. அங்கேயும் அவளுடைய பாசுரங்கள் அல்ல, அவள் காதலும் கல்யாணமும்தான் பொருள். விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்த தெலுங்கு பேசும் மக்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் இன்றும் பேச்சு தெலுங்குதான். வில்லிபுத்தூர் நாச்சியாருக்கு அரசர் ஆதரவு பெருகியதும் விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான். திருமலை நாயக்கர் அந்த ஊரில் அரண்மனையே கட்டினார். ஆகவே கோயிலை வளர்த்தது கதை என்பதில் உண்மை உண்டு. ஆனால் மார்கழியில், தனுர்மாதம் என்று தெலுங்கர் சொல்லும் அதே முப்பது நாளில், ஆந்திர வைணவ வீடுகளிலும் கோயில்களிலும் ஓதப்படுவது ராயரின் காவியம் அல்ல. தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட தமிழ்த் திருப்பாவை. திருமலையில் அந்த மாதம் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவையைத்தான் ஓதுகிறார்கள். ஒரு பேரரசர் தன் மொழியில் அவள் கதையை எழுதிக் கொடுத்த பிறகும், வழிபாட்டுக்கு வேண்டியிருந்தது அவள் மொழியில் அவள் சொல்தான். கடல் கடந்து சயாமிலும், பாங்காக் அரசவைப் பிராமணர்களின் திரியம்பாவை–திரிபாவைச் சடங்கில் திருவெம்பாவையின் பெயரும் திருப்பாவையின் பெயரும் தங்கின; அதன் பெரிய ஊஞ்சலாட்டம் 1935 வரை நடந்தது. துளசியடியில் கிடைத்த குழந்தையின் கதை அந்தச் சடங்கில் இல்லை.

ஆண்டாளை முழு ஆழ்வாராக மரபே எண்ணவில்லையே என்றும் சொல்லலாம். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் பத்து ஆழ்வார்களின் திருநட்சத்திரங்களைச் சொல்லி முடித்தபின்தான் ஆண்டாள், மதுரகவி, இராமானுசர் மூவரையும் தனியாக எடுக்கிறார். அதைக் குறைவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆசாரிய பக்தியால் சிறந்தவர்களின் தனி வரிசை அது. இளமையிலேயே கனிந்தவள் என்று அவளை மெச்சுவதும் அந்த நூலில்தான்.

என் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறொன்று. சொல்லால் வந்த புனிதநிலை என்றால், எந்தச் சொல் ஓதப்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் அந்தப் பெண் நம்மிடம் இருக்கிறாள். திருப்பாவையின் முப்பதும் வாழ்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143-இல் வாரணமாயிரம் பதிகம் கல்யாண வீடுகளில் வாழ்கிறது. மேகத்தை விடுதூதாக அனுப்புவதும், காமனைத் தொழுது கட்டளையிடுவதும், கண்ணனின் வாய்ச்சுவையைச் சங்கிடம் கேட்பதும், தன் உடலின் வேட்கையை ஒளிக்காமல் சொல்லும் பதின்மூன்றாம் திருமொழியும் பெரும்பாலும் அன்றாட வழிபாட்டுக்கு வெளியே நிற்கின்றன. இன்னொரு குறையும் உண்டு. கோயில் கோஷ்டியில் அவள் பாசுரத்தை ஓதுகிறவர்கள் ஆண்கள். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் அரையர் சேவை செய்பவர்களும் ஆண்களே. பெண்கள் வீட்டிலும் பஜனை மண்டலிகளிலும் பாடுகிறார்கள். மார்கழிக் காலையில் மாடவீதியில் பாடிப் போகிறார்கள். தோழியரை எழுப்பி அழைத்துப் போகும் ஒரு பெண்ணின் பாட்டு, கோயிலுக்குள் பெண் குரலில் முறைப்படி ஒலிப்பதில்லை. அன்னாளின் சொல்லை லூக்கா எழுதாமல் விட்டார். அதை இனி மீட்க வழியில்லை. நம்மிடம் முழுதாகக் கிடைத்திருக்கும் சொல்லை நாமே பாதியாக்கி வைத்திருப்பது சரியல்ல. தெய்வமாக்கியதால் கவி மறைந்துவிட்டாள் என்ற குற்றச்சாட்டை நான் முழுதும் ஏற்கவில்லை. தெய்வமாகாதிருந்தால் அவள் பாடல்களும் சங்ககாலப் பெண் கவிகளின் பாடல்களைப் போல ஏட்டில் உறங்கி, 19-ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர் ஒருவரின் கைக்காகக் காத்திருந்திருக்கும். ஆனால் காப்பாற்றிய வழிபாடே எதை முன்னே வைக்கிறது, எதைப் பின்னே தள்ளுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெரியவாச்சான் பிள்ளை நாச்சியார் திருமொழிக்கும் முழுமையாக வியாக்கியானம் செய்திருக்கிறார். எந்தப் பதிகத்தையும் கூச்சப்பட்டு விட்டுவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் ஆசாரியர் ஒருவருக்கு இருந்த துணிவு நமக்கும் வேண்டும். வரும் மார்கழிக்குள் வாசகர்கள் திருப்பாவையோடு நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களையும் அந்த வியாக்கியானத்தோடு சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பள்ளிகளிலும் பஜனை மண்டலிகளிலும் திருப்பாவைப் போட்டி நடத்துகிறவர்கள் அடுத்த ஆண்டு நாச்சியார் திருமொழியிலிருந்தும் ஒரு பதிகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.